கோபத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறைச்சல்! போனை எடுக்கவில்லை என்று தவித்திருப்பாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

போன வாரம் நீ பேசியதில் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஒரு வார்த்தை தமிழ், அடுத்த வார்த்தை எந்த ஊர்ச் சரக்கோ. நடுநடுவே காரணமே இல்லாமல் சிரிப்பு வேறு. அம்மா போன பிறகு உனக்குப் பேச்சுப் பழக்கியவள் நான். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே உன்னோடு வாயாடுவேன், ஞாபகமிருக்கிறதா? அந்தத் தம்பி என்னோடு தமிழ் பேச வெட்கப்படுகிறான் என்று நினைத்தாலே அழுகை வருகிறது.

இனி போன் வேண்டாம். கடிதம் எழுது. எழுதும்போதாவது தமிழ் வருகிறதா பார்ப்போம்.

கோபமாக இருக்கும்
அக்கா

மார்ச் 11

என் அருமை அக்காவுக்கு,

வெட்கமா? எனக்கா? நீ வளர்த்த வாய்க்கு வெட்கம் எங்கிருந்து வரும்?

கொஞ்சம் பொறுமையாகப் படி. நான் முடிவெட்டும் சலூனின் மாடியில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற சுருட்டை, பேக்கரியில் வேலை பார்க்கும் குண்டு, வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் நெட்டை, நான். நால்வருக்கும் நாலு தாய்மொழி. வீட்டில் பேசுவது எல்லாம் கலந்த ஒன்று. சாப்பாட்டுக்குக் குண்டு வீட்டு வார்த்தை, கேலிக்கு நெட்டையுடையது, மற்றதெல்லாம் கைக்கு வந்தபடி. சலூனுக்கு வருகிற பையன்கள் பேச்சும் இதுதான். நாற்காலியில் உட்கார்ந்து ஒருவன் வாயைத் திறந்தாலே எங்கள் தெருக்காரன் என்று தெரிந்துவிடும். அதில் அவனுக்கு ஒரு கெத்து. எனக்கும்தான் அக்கா, பொய் சொல்லவில்லை.

ஆனால் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கோபம் வந்தால் மட்டும் அவரவர் தாய்மொழியில்தான் பேசவேண்டும். கலவைப் பேச்சில் சண்டை போட்டு ஒருமுறை ரசாபாசமாகிவிட்டது. அதிலிருந்து ஒருவன் கத்தினால் மற்றவர்கள் அவன் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்பார்கள். புரியாதுதான். ஆனால் கத்துகிறவன் மனசு காலியாகிவிடும்.

இதில்தான் வந்தது வினை. வழக்கம்போல் வெளியே போகாமல் அன்று வீட்டிலிருந்தே உன்னோடு நான் தமிழில் பேச ஆரம்பித்ததும், அக்காவோடு சண்டை என்று முடிவுகட்டிவிட்டார்கள். முன்னால் தண்ணீர் வந்தது. சுருட்டை முதுகைத் தடவிக்கொடுத்தான். குண்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "சண்டையெல்லாம் இல்லடா, சந்தோஷமா பேசுறேன்" என்றால் ஒருவனும் நம்பவில்லை. அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் அவர்கள் வார்த்தைகளையும் நடுவில் போட்டேன். சிரித்துக் காட்டியதும் அதற்குத்தான்.

போனை எடு அக்கா. உன் குரல் கேட்காமல் என்னவோ போல் இருக்கிறது.

உன் தம்பி

மார்ச் 19

தம்பி,

கதை நன்றாகத்தான் ஜோடிக்கிறாய். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நேரில் பார்த்துக்கொள்கிறேன். எனக்காக யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்து வைக்காதே.

அக்கா

ஏப்ரல் 2

என் செல்லத் தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்ததிலிருந்து தையலில் மனம் போகவில்லை. ஒரு ரவிக்கையின் கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று உனக்குச் சலூனில் கூட்டம் என்று நெட்டை வந்தானே, பஸ் நிலையத்துக்கு. என் பையை வாங்கிக்கொண்டு, அவ்வளவு மரியாதையாகத் தலைகுனிந்து, "எருமமாடே, சாப்ட்டுத் தொலைச்சியா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் நின்றவர் என்னையே பார்க்கிறார். அவனோ பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறான், சிரித்த முகமாக. அப்புறம்தான் உறைத்தது. அது என் வசனம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற உன்னிடம் நான் கேட்பது, அதே இழுப்போடு.

அவர்களுக்குத் தெரிந்த தமிழெல்லாம் நீ கோபத்தில் பேசியது. நீ கோபத்தில் பேசியதெல்லாம் நான் உன்னிடம் பேசியது. முன்பின் பார்க்காத ஊரில், யார் பெற்ற பிள்ளைகளோ, மூன்று பேர் வாயில் என் குரல் இருக்கிறது. இவன் தமிழை விட்டுவிட்டான் என்றல்லவா நான் புலம்பிக்கொண்டிருந்தேன்!

சலூனில் ஓரமாக உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன். ஆளுக்கு ஆள் பேச்சு மாறுகிறது. கத்தரியும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. எந்தப் பேச்சிலும் நீ நீயாகவே இருந்தாய். அந்தப் பையன்கள் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொண்டே பேசுகிற அழகு! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். இப்போது சொல்கிறேன்.

சுருட்டைக்கு அன்று மாலை கோபம் வந்ததே, அவன் பேசியதில் ஓர் எழுத்தும் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் கடைசிவரை கேட்டேன். கேட்டு முடித்தபோது எனக்கே நெஞ்சு லேசாக இருந்தது.

நாளைக்கு வேலை முடிந்ததும் போன் பண்ணு. எதை வேண்டுமானாலும் கலந்து பேசு, சிரி, புரியாவிட்டால் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் கோபம் வந்தால் என்னைக் கூப்பிடு. என்மேலேயே கோபமென்றாலும் சரி, குறுக்கே பேசமாட்டேன். மெஷின் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன்.

எருமைமாட்டின்
அக்கா