வாசற்படியில் மஞ்சள்

அன்புள்ள நிலக்ஷியின் அப்பாவுக்கு,

தனுஜா எழுதுவது. இங்கே நான், பிள்ளை, உங்கள் அம்மா மூவரும் உயிரோடு இருக்கிறோம். கொழும்பில் நீங்கள் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். புயலில் டவர் விழுந்ததிலிருந்து போன் இல்லை. பக்கத்து லயத்துப் பிரதாப் ஹட்டனுக்கு நடந்துபோய் பஸ் பிடிக்கப் போகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. மண் சரியும் என்று கிராம சேவகர் வந்து நம் லயத்தில் எல்லாரையும் ஸ்கூலில் போய் இருக்கச் சொன்னார். போய்விட்டார்கள். மற்றக் குடும்பங்களின் காம்பிராக்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. நாங்கள் மட்டும் போகவில்லை, மாமி விடவில்லை.

மழை தொடங்கிய வாரம் பின்சுவர் வெடிப்பில் மஞ்சளாக ஒன்று வந்தது. அரைத்த மஞ்சளை உள்ளங்கை அளவு அப்பினது போல இருந்தது. மறுநாள் பார்த்தால் ஒரு முழம் மேலே இருக்கிறது, வந்த வழியெல்லாம் நத்தை போன தடம். மாமி பொட்டு வைத்துச் சூடம் காட்டினார். “ஆத்தா நம்ம வீட்டுக்கு வந்திருக்கா. அவ இருக்கையில மல என்னா செஞ்சிரும்?” என்கிறார்.

எனக்கு அது என்னவென்று தெரியும், ஏ.எல். வகுப்பில் பயோ பாடத்தில் படித்தேன். மக்கிய மரத்தில் வளரும் ஓர் உயிர். எவ்வளவு படர்ந்தாலும் முழுதும் ஒரே கலம்தான். கால் இல்லை, தலை இல்லை. உள்ளே இருக்கும் கூழ் முன்னால் ஓடும், பிறகு பின்னால் ஓடும். முன்னால் ஓடுவது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் அதன் நடை. மாமியிடம் சொன்னேன், படித்த திமிர் என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். நரம்பு நரம்பாகத் துடிக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் நம் மூச்சும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

அதற்கு ஓட்ஸ் பிடிக்கும் என்று மிஸ் சொன்ன ஞாபகம். ஆத்தா வெளியே போனால் மாமியும் போவார் என்று நினைத்து, பிள்ளையின் ஓட்ஸைச் சுவரிலிருந்து முற்றம் வரை தூவினேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. முற்றத்தில் தூவியதை மழை கழுவிவிட்டது. அது வாசற்படியோடு நின்றுவிட்டது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீட்டிக்கொண்டு. மாமி பார்த்துவிட்டார். “ஆத்தா கோடு கிழிச்சிட்டா. யாரும் தாண்டக் கூடாது” என்று பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தவர் இன்னும் இறக்கவில்லை.

பின்சுவர் வெடிப்பில் இப்போது என் கை நுழைகிறது.

விளக்குமாற்றால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். எடுத்துக்கொண்டு போய் நின்றேன். யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன் போலிருக்கிறது, குனிந்து பார்த்தபோது நான் நின்ற பக்கமாக அது ஒரு விரல் நீட்டியிருந்தது. வெறும் கூழ்தான். இருந்தும் எனக்குப் பயமாக இருக்கிறது. பிரதாப்பும் படியைக் கும்பிட்டுவிட்டு முற்றத்திலேயே நிற்கிறான். கடிதத்தை ஜன்னல் வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

எப்படியாவது வந்துவிடுங்கள். முதலில் பிள்ளையைத் தூக்குங்கள், பிறகு உங்கள் அம்மாவை. எனக்கும் கையை நீட்டுங்கள். வழியில் எதுவும் உங்களை நிறுத்தாமல் அந்த முருகன் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
தனுஜா