இடம் மாறிய சிவப்புக் கண்ணாடி

விக்குனியா, மே 14

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் இருமல் விட்டது என்று தெரிந்தால் நிம்மதி. அம்மா அனுப்பிய காய்ந்த பீச் வந்ததா. இங்கே குளிர்காலம் தொடங்கி முதல் பனி விழுந்து மலைப்பாதையை இரண்டு நாள் மூடிவிட்டார்கள். சொல்ல வந்ததைத் தள்ளிப்போடுகிறேன், போனிலும் இரண்டு தடவை இப்படித்தான் பனியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். போன வாரம் தொலைநோக்கியின் ஒளி வடிகட்டிச் சக்கரத்தைத் துடைக்கத் திறந்தால், புது நட்சத்திரம் பிறக்கும் வாயுவின் ஒளியை மட்டும் விடும் குறுகிய சிவப்புக் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில், எல்லாச் சிவப்பையும் விடும் அகலச் சிவப்பு இருந்தது. கடைசியாகத் திறந்தது யார் என்று பதிவேட்டைப் பார்த்தேன். அக்டோபர் மூன்று, என் கையெழுத்து. உன் படங்கள் அக்டோபர் ஏழு, எட்டு, ஒன்பது. ஏணியிலேயே உட்கார்ந்து தேதிகளை மறுபடி சரிபார்த்தேன். உன் சுருள் விண்மீன் மண்டலத்தின் நடுப்பட்டை முழுக்கப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று போனில் கத்தினாயே, அது கிழட்டு நட்சத்திரங்களின் வெளிச்சம்தான் மகளே. என் கைப்பிழை.

தலைமைப் பொறியாளர் ஒலிவாரெஸ், “விடுப்பா நொல்பெர்ட்டோ, சரியா மாட்டிட்டுப் போ, யாருக்குத் தெரியப்போவுது, உம் பொண்ணு பட்டம் வாங்கட்டும்” என்றார். பொய் சொல்லவில்லை, எனக்கும் ஆசை வந்தது. மறுநாள் காலை என் பிழையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி அவருக்கு வேறு வழியில்லை, படம் எடுத்த எல்லாருக்கும் திங்களன்று அறிவிப்பு போகிறது. என்னைக் கீழே கிடங்குக்கு மாற்றிவிட்டார். அம்மா, “அஞ்சு வருசம் அந்தப் புள்ள கண்ணக் கெடுத்துக்கிட்டுப் படிச்சுது, ஒரே வரியில அழிச்சிட்டியேய்யா” என்று சொன்னதோடு சரி, தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்தால் பழி உன்மேல்தானே விழும் என்று அவளிடம் சொன்னேன். அது பாதிக் காரணம். உன் மண்டலத்தின் படத்தைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறாளே, அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்காது.

நாளை உங்கள் ஊருக்குத் திரும்பும் வானியலாளரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அறிவிப்பு வருமுன் நீயே பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிடு. மறுபடி படமெடுக்கச் செப்டம்பரில் இரண்டு இரவு தருகிறார்களாம், உன் பட்டத் தேர்வோ ஜூனில், என்ன செய்வாயோ தெரியவில்லை. சாப்பிடாமல் கிடக்காதே. அண்டகோயோ மாதா உன்னைக் கைவிடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதே, திட்டுவதற்காவது என்னைக் கூப்பிடு.

உன் அப்பா,
நொல்பெர்ட்டோ