என் அம்மாவின் நடையும் உன் மேடையும்

சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் பள்ளி மைதானத்தில் மைக் கட்டிவிட்டு, சரியாகக் கேட்கிறதா பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வாயருகே கொண்டுபோனதும் அந்தக் கறுப்புப் பஞ்சு உறையின் வாடை மூக்கில் ஏறியது. பல பேருடைய மூச்சு ஊறிக் காய்ந்த வாடை. பேசுவதற்கு முன் நீ அதை முந்தானையால் ஒரு முறை துடைப்பாய். நீ துடைத்து முடிப்பதற்குள் கூட்டம் அடங்கிவிடும். நான் துடைத்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வரலாற்றில் இந்திய ஒற்றுமை’. சரித்திரம் நடத்துகிறவள் நான். ஆனால் நீ இருந்தவரைக்கும் இந்தத் தலைப்பு தமிழாசிரியையான உனக்குத்தான் போகும். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதும் தலைமையாசிரியை, “அவுங்க இருந்தா எப்படிப் பேசியிருப்பாங்க” என்று பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். மறுநாள் பேசினேன். பிள்ளைகள் வெயிலில் நின்றபடி மிட்டாய்க்காகக் காத்திருந்தார்கள்.

சுனாமி வந்த மறு வருடம் நம் இருவரையும் சிதம்பரத்துக்கு இதே தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம். கடலூரில் பஸ் ஏறினால் ஜன்னலோர இடம் எப்போதும் உனக்கு. முதல் கூட்டத்தில் நான் பேரரசுகளின் எல்லைகளைச் சொன்னேன். எந்த அரசனுடைய ஆட்சியும் இந்த நாடு முழுவதையும் மூடியதில்லை, ரயிலும் சட்டமும் விடுதலைப் போராட்டமும்தான் நம்மை ஒன்றாக்கின என்றேன். அத்தனையும் சரியாகத்தான் சொன்னேன். அடுத்து நீ எழுந்தாய். அரசர்கள் எல்லைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் காசிக்குப் போகிறவன் போய்க்கொண்டுதான் இருந்தான், தன் நாடு எதுவரை என்று அவன் காலுக்குத் தெரிந்திருந்தது என்றாய். அவ்வளவுதான். நான் சொன்னது எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

“காசி, ராமேஸ்வரம், கேதாரம்னு சொல்ற. எங்க வீட்ல யாரும் காசிக்குப் போனதில்ல. நீ சொல்ற நாட்டுல நா எங்க இருக்கேன்?”

ஆலப்பாக்கம் தாண்டிய பிறகு, “உங்க வீட்ல யாரும் எங்கயும் நடந்தே போனதில்லையா, ஜெசிந்தா?” என்றாய்.

அதற்குப் பிறகுதான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். எனக்கு மூன்று வயதில் அடிக்கடி வலிப்பு வந்ததும், அம்மா காவிப் புடவை கட்டிக்கொண்டு கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்ததும். சிதம்பரம் நெருங்கும்போது பாதமெல்லாம் கொப்புளம். வழியில் ஒரு வீட்டு அம்மாள் உள்ளே கூப்பிட்டு, மோர் கொடுத்து, காலுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். அந்த வீட்டில் அவர்கள் காசிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். “உன் கொழந்தைக்கும் சேத்து அங்க வேண்டிக்கறேன்” என்று அவள் சொல்ல, “நா மாதாகிட்ட உங்களுக்கு வேண்டிக்கறேன்” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த மாதமே அதை நீ மேடையில் சொன்னாய். பெயர் சொல்லவில்லை. யாரோ ஒரு தாய் என்று ஆரம்பித்தாய். “இரண்டு பேரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த இரண்டு வேண்டுதலும் எந்த வழியில் சந்தித்துக்கொண்டனவோ, அந்த வழியிலேதான் பாரதம் இருக்கிறது” என்று நிறுத்தினாய். மிட்டாய்க் கடை வைத்திருக்கும் ராஜஸ்தான்காரர், பாதித் தமிழ்தான் தெரியும் அவருக்கு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ரோட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறவள். என் கேள்விக்கு என் வீட்டுக்குள்ளேயே இருந்த பதில் மங்கலம்பேட்டையிலிருந்து வந்த உன் கண்ணில் பட்டிருக்கிறது.

பஸ்ஸில் ஏறியதும், “அது எங்கம்மா” என்றேன்.

“அதான் பேர் சொல்லலியே.”

“சொல்லாததுக்குத்தான் கோவம்.”

“பேர் சொன்னா அவுங்க உனக்கு மட்டும் அம்மா. சொல்லலன்னா அங்க உக்காந்திருந்த எல்லாருக்கும்” என்றாய். கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிவிட்டு, “சரி, அடுத்த மாசம் நீயே சொல்லு. நா கீழ உக்காந்து கேக்கறேன்” என்றாய்.

சொன்னேன். எந்த வருடம், எந்த டாக்டர், என்ன மருந்து கொடுத்தார் என்பதெல்லாம் விடாமல் சொன்னேன். சொந்த அம்மாவைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போது ஜனங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். முடித்ததும் நீதான் பலமாகக் கைதட்டினாய். அந்தக் கைதட்டல்தான் எல்லாவற்றையும்விட வலித்தது.

புற்றுநோய் உன்னை எடுத்துக்கொண்ட அன்று சிதம்பரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனங்கள் வந்தார்கள். அந்த மிட்டாய்க் கடைக்காரரின் மனைவி உன் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் மொழியில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பல வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். உன்னை எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக்கூட உனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. உன்மேல் இருந்த பொறாமை போய், அவர்கள்மேல் வந்துவிட்டது.

இந்த வருடம் நானும் நடந்தேன். அம்மா போன வழிதான். கடலூர் முதுநகரில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். சிதம்பரத்தில் பஸ் பிடித்துத் திரும்பிவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். கூட வந்தவர்களில் பெண்ணாடத்துப் பெண் ஒருத்தி, நெற்றி நிறையக் குங்குமம், காவிப் புடவை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை என்றாள். முட்லூருக்கு முன்னால் புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது, கொப்புளம் கண்ட என் காலைப் பார்த்துவிட்டு அவளாகவே ஆரம்பித்தாள்.

“இதே ரோட்டுல நடந்த கதை ஒண்ணு இருக்குக்கா. சிதம்பரத்துல ஒரு டீச்சர் சொன்னாங்களாம், எங்க நாத்தனா கேட்டுட்டு வந்து சொல்லிச்சு.”

அவள் சொன்ன கதையில் குழந்தை ஆண் பிள்ளை. மோர் கஞ்சியாகியிருந்தது. அம்மாவுக்கு ஊர் பெண்ணாடத்துப் பக்கம். காசிக்குப் போன அம்மாள் ஒரு சொம்பு கங்கைத் தண்ணீரோடு திரும்பி வந்து, அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும் என்று ஊர் ஊராக விசாரித்தாளாம்.

“அப்பறம் கண்டுபுடிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. இன்னமும் தேடிக்கிட்டிருக்காங்களாம்.”

அந்தக் கடைசித் துண்டை நீ எந்த ஞாயிற்றுக்கிழமையிலாவது சேர்த்தாயா, இல்லை அவள் நாத்தனார் சேர்த்ததா, உன்னைக் கேட்க வழியில்லை. நீ சேர்த்ததாகத்தான் இருக்கும். அது எனக்குத் தோன்றவில்லையே என்ற எரிச்சல் இதை எழுதும்போதும் இருக்கிறது. உன்னிடமிருந்து எனக்கு வந்து, இன்னும் இறக்கி வைக்க முடியாமல் நான் சுமப்பது இந்த எரிச்சல்தான்.

அது எங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளோடு எழுந்து நடந்தேன். சிதம்பரம் வந்தது, பஸ் ஸ்டாண்டு வந்தது, நான் திரும்பவில்லை. கொள்ளிடம் பாலம் தாண்டும்வரைக்கும் அந்தக் கதையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனேன்.