வண்டி வெடிக்கவில்லை, அண்ணா

என் பயங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்ட குமரேசண்ணாவுக்கு,

நீ போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. இன்றுதான் உன்னோடு பேச வந்திருக்கிறேன். இதற்கு முன்னால் எழுதியிருந்தால் வெறும் வசவாக இருந்திருக்கும். இதுவும் அதற்கு மேலாக ஏதோ ஆகிவிடும் என்று சொல்ல முடியவில்லை.

ஊரில் வண்டி வெடித்துவிட்டது என்கிறார்கள். எங்கோ ஒரு ஸ்கூட்டர் எரிகிற காணொளிக்குக் கீழே உன் பெயரைப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வண்டி சிவப்பு. உன்னுடையது வெள்ளை. யாரும் கேட்கவில்லை.

உன் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை, அண்ணா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதியமான்கோட்டை பேட்டரி ஸ்கூட்டர் கடையில் ஒரு நாள் முழுக்க உன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சேலத்திலிருந்து விடுதி விடுமுறைக்கு வந்திருந்தேன். லாரியில் வண்டிகள் பாதி வண்டிகளாக வந்து இறங்கின. முன்சக்கரம் தனி. கண்ணாடி தனி. பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றினாய், கடிகாரத்தைக் கழற்றினாய், ரப்பர் கையுறை போட்டாய். சக்கரத்து நட்டைக் கையால் முறுக்கியதோடு விட மாட்டாய். அளவு பார்த்து முறுக்குகிற அந்த ஸ்பேனர் ‘டக்’ என்று சொல்ல வேண்டும். பேட்டரி இணைப்பைக் கொடுப்பது எல்லாம் முடிந்த பிறகுதான். ஒரு வண்டிக்குக்கூட அந்த வரிசை மாறவில்லை.

வாங்க வந்தவர்கள் சாவிக்குக் கை நீட்டினால் கால் மணி நேரம் நிற்க வைத்துப் பேசுவாய். ஓட்டி வந்த சூட்டோடு சொருகக் கூடாது, அரை மணி ஆற வேண்டும். நீட்டு ஒயர்ப் பெட்டி கூடாது. எர்த் இருக்கிற பெரிய பிளக்கில் மட்டும். வெளியே ஓடுகிற வழியை மறித்து, மாடிப்படிக்குக் கீழே, துணிமூட்டை பக்கத்தில் கூடாது. ஆயுத பூஜைக்கு மோட்டார்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு ஈரத்தோடு சொருகக் கூடாது. பேட்டரி உப்பியிருந்தால், வாடை வந்தால், வண்டி விழுந்து அடிபட்டிருந்தால், தொடாமல் போன் பண்ண வேண்டும். ஒரு பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, வண்டி விக்கிறியா, பொண்ணு குடுக்கறியா?” நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

அந்த ஆள் எங்கே போனான்?

நீ போன அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆள் வேறு யாரோ. நம் பம்புசெட் மோட்டார் கொட்டாயில் வண்டியை நிறுத்தி, சுவரில் தொங்கிய பல்பு ஒயரைப் பிரித்து, அதில் ஒரு பிளக் பெட்டியைப் பொருத்தி, சார்ஜரைச் சொருகிய ஆள். விவசாயக் கரண்டுக்கு பில் இல்லை. வீட்டில் சொருகினால் மீட்டர் ஓடும். அவ்வளவுதான் காரணம். நம் பக்கத்தில் பாதிக் கொட்டாய்களில் இப்போது ஒரு வண்டி சொருகி நிற்கிறது. எல்லோருக்கும் அது சாமர்த்தியம்.

லைன்மேன் வந்து பார்த்துச் சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பல்புக்கு நியூட்ரல் ஒயர் கிடையாது. ஒரு பேஸ் ஒயர். இன்னொன்று, தரையில் அடித்த எர்த் கம்பிக்குப் போகிறது. பல்பு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, அதனால் சரி என்று இருந்துவிட்டோம். நீ அதே எர்த் ஒயரில் பிளக்கின் இரண்டு ஓட்டைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தாய். நியூட்ரலும் அதுதான், எர்த்தும் அதுதான். வெயிலில் மண் காய்ந்து, கம்பியின் பிடி துருப்பிடித்து எப்போதோ விட்டிருந்தது. உள்ளே போன கரண்டுக்கு வெளியேற வழியில்லை. அதே எர்த் ஒயர் வழியாகத் திரும்பிச் சார்ஜரின் அலுமினியப் பெட்டியில் வந்து நின்றுகொண்டது.

சார்ஜரின் விளக்கு எரியவில்லையே என்று பார்க்க அதைக் கையில் எடுத்திருக்கிறாய். வெறுங்காலில். வரப்புச் சேற்றோடு.

மோதிரத்தைக் கழற்றுகிற கை அண்ணா அது.

உனக்குத் தெரியாது என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பாப்பாரப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற பஷீர் பாய் துக்கம் கேட்க வந்தார். உன்னிடம் வண்டி எடுத்தவர். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “தம்பி எங்கிட்ட ரெண்டு தடவ சொல்லுச்சுங்க. பாய், எங்க வேணா சொருவுங்க, மோட்டார் கொட்டாயில மட்டும் வேணாம்னு. இன்னி வரைக்கும் நான் அங்க சொருவலிங்க.”

அவர் உன்னைப் புகழத்தான் சொன்னார். எனக்கு எழுந்து போய் உன் படத்தைத் திருப்பி வைக்க வேண்டும் போல இருந்தது.

அடுத்தவனுக்குச் சொன்னது உனக்கு ஏன் இல்லை? நமக்கு ஒன்றும் ஆகாது என்கிற அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் கொட்டாய், நம் சுவர், நம் ஒயர் என்பதாலா? யோசித்துப் பார்க்கிறேன்.  வருவதெல்லாம் கோபம்.

இனி அண்ணியைப் பற்றி.

உனக்கே தெரியும், கவிதா அண்ணிக்கு வேலை விடிந்ததும் தொடங்கும். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்கள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, பாப்பாரப்பட்டி லேபில் கொண்டு சேர்க்க வேண்டும். நம் ஊருக்கு முதல் பஸ் வருவதற்குள் அந்த வேலை பாதி முடிந்திருக்க வேண்டும். உன் வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. லேபில் ஒரு மாதம் பொறுத்தார்கள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று வருத்தத்தோடுதான் சொன்னார்களாம்.

அப்பா வண்டியைப் புளியமரத்தடியில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். சாவி அவர் வேட்டி மடியில். உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தீர்த்தமலைக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்து, வண்டியை வெளியூர்க்காரனுக்குத் தள்ளிவிடு என்றார் பெரிய மாமா. அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார், கேட்டவர்களிடமெல்லாம். “காவு வாங்குன வண்டி. அது இந்த வூட்டு வாசல்ல ஓடக் கூடாது.”

அண்ணி வேலைக்குப் போவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் முடிந்துபோனது. நான் வாதாடினேன். சரியான பிளக், சரியான எர்த் போட்டால் பயமில்லை என்றேன். நீ சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “நூறு வண்டி மாட்டுனவன் அவன். அவனுக்கே தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சிருமா?”

பார்த்தாயா? உனக்குத் தெரிந்ததெல்லாம் அவளைக் கட்டிப்போடுகிற கயிறாகிவிட்டது. நீ செய்த தப்புக்கு அவளுக்குத் தண்டனை. செத்துப்போனவர்கள் எவ்வளவு வசதியாக இருக்கிறீர்கள்.

சனிக்கிழமை காலை. அப்பா களத்தில் தக்காளியைப் பெட்டிக்குப் பிரித்துக்கொண்டிருந்தார். பழுத்தது ஒரு பக்கம், செங்காய் ஒரு பக்கம். எனக்குத் தெரிந்த ஒன்றை அதுவரை நான் சொல்லாமல் வைத்திருந்தேன். லைன்மேன் அந்த ஒயரைக் கழற்றும்போதே பார்த்தேன். அது நீ இழுத்த ஒயர் இல்லை. நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா இழுத்தது. இரவில் தண்ணீர் கட்டும்போது வெளிச்சத்துக்காக.

சொன்னேன். “வண்டி அவன கொல்லலப்பா. அந்த பல்பு ஒயருதான் கொன்னுச்சு. அத போட்டது நீங்க.”

அவர் கையிலிருந்த தக்காளியைத் திருப்பிப் பார்த்தார். செங்காய்ப் பக்கம் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா கண்ணு. லைன்மேன் வாயத் தொறக்கறதுக்கு முன்னியே தெரியும்.” அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, “வண்டின்னு சொன்னாத்தான் சோறு எறங்குது.”

நான் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தேன். 

உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பெரியது இதுதான். செத்தது இல்லை. ‘அத போட்டது நீங்க’ என்கிற வாக்கியத்தை என் வாயில் வைத்துவிட்டுப் போனாயே, அது. நீ செய்ததற்கு நீ திட்டு வாங்கியிருக்க வேண்டும். நீ இல்லாததால் அவர் வாங்கினார்.

அண்ணி எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். நான் உள்ளே போனதும் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, என் மேல் கோபம்.

“எனக்காக அவர எதுக்குடி வெட்டுன? நான் போறதுக்கு அவருகிட்ட நான் கேட்டனா?”

“சாவி அவருகிட்ட இருக்குல்ல அண்ணி.”

“வண்டிக்கு ரெண்டு சாவி குடுப்பாங்க. உங்கண்ணன் சொல்லித் தரலியா? ஞாயித்துக்கிழம வயர்மேன் வராரு. எப்பவோ சொல்லிட்டேன்.”

அதாவது நான் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. அவள் போகத்தான் போகிறாள். அவருடைய பொய்யை அவருக்கு விட்டுவைத்து, அதைச் சுற்றிக்கொண்டு போக அவள் ஒரு வழி பார்த்து வைத்திருந்தாள். நியாயம் என் பக்கம் என்ற நினைப்பில் நான் அதை மிதித்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்கிற திமிர், அண்ணா. நம் இருவருக்கும் அது இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தருமபுரியிலிருந்து லைசன்ஸ் வயர்மேன் வந்தார். வீட்டு மீட்டர் பலகையிலிருந்து தனி ஒயர். முன்பக்கச் சுவரில், கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில் பெரிய பிளக். கரண்டு கசிந்தால் தானே விழுகிற டிரிப்பர் ஒன்று. அதன் பொத்தானை அழுத்தினார், சட்டென்று விழுந்தது. மாதம் ஒரு தடவை இப்படி அழுத்திப் பாருங்கள் என்றார். அண்ணி தானே ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். உன் கடையிலிருந்து வந்தவர் வண்டியைச் சோதித்தார். இத்தனை நாள் நின்றதில் பேட்டரி அடிமட்டத்துக்கு வந்திருந்தது. டயரில் காற்றில்லை. பிரேக் லேசாகப் பிடித்திருந்தது. பழைய சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்விட்டார், புதியது கொடுத்தார்.

எர்த்துக்குக் குழி வேண்டும் என்றார் வயர்மேன். ஆள் கூப்பிடலாம் என்று நான் போன் எடுப்பதற்குள் அப்பா கடப்பாரையோடு வந்து நின்றார்.  தோண்ட ஆரம்பித்தார்.

இடுப்பளவு போனதும் வயர்மேன் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்றார். நெஞ்சளவு வந்தது. “போதுங்க பெரியவரே, அளவு வந்துருச்சு” என்றார். அப்பா நிறுத்தவில்லை. மண்ணை மேலே வீசிக்கொண்டே இருந்தார். ஈரம் தட்டியது. அதற்கும் நிறுத்தவில்லை. வயர்மேன் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், விடு என்பது போல. கடைசியில் பாறை தட்டிக் கடப்பாரை ‘ணங்’ என்றதும்தான் மேலே ஏறி வந்தார். எர்த் கம்பியைச் சுற்றிக் கரியும் உப்பும் கொட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். குழியை மூடிய பிறகு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தானே ஊற்றினார். வெயில் காலத்தில் காய விடக்கூடாது என்று வயர்மேன் சொன்னதை அவர் மட்டும்தான் சரியாகக் கேட்டிருந்தார்.

திங்கட்கிழமை அண்ணி வேலைக்குப் போனாள். சாவியைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அப்பா தோட்டத்துப் பக்கம் திரும்பி நின்றார், வண்டி சாலைக்கு ஏறும் வரை. சத்தமில்லாத வண்டி. அது போய்விட்டதா என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

அண்ணா, உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உன்னை நல்லவன் என்று மட்டும் சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். கொட்டாய் கொட்டாயாகப் போவேன். ஒயரில் சொருகி நிற்கிற ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்திலும் நின்று சொல்வேன்: என் அண்ணனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே சொருகினான், அதனால் செத்தான் என்று. திட்டுவார்கள். திட்டட்டும். அந்தப் பல்பு ஒயரை யார் இழுத்தது என்பதை மட்டும் எங்கேயும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். அப்பா இருக்கும்வரை அவர் படிக்கிற இடத்தில் இந்தக் கடிதம் வராது. இது சத்தியம்.

உன்னோடு சண்டை இன்னும் முடியாத,
உன் ஒரே தங்கச்சி
தேன்மொழி