மரத்தூள் கம்பளம்

ஏப்ரல் 21, செவ்வாய்

குவாத்தமாலாவின் அன்ரிகுவா நகரத்திலிருந்து திரும்பி இரண்டு வாரமாகிறது. பெரிய வெள்ளி ஊர்வலத்துக்காக, அந்தப் பழைய ஸ்பானியத் தெருக்களில் சனங்கள் இரவிரவாக வர்ண மரத்தூளால் கம்பளம் போட்டார்கள். நானும் முழங்காலில் இருந்து ஒரு பூவுக்கு மஞ்சள் தூவினேன். விடிந்ததும் இயேசுவின் சுரூபம் சுமந்தவர்கள் அதன்மேலேயே நடந்தார்கள். போட்டவர்கள் கும்பிட்டபடி நின்றார்கள். "மிதிக்கத்தானே போட்டது" என்று இவருக்குப் பெரிய மனுசிபோலச் சொன்னேன்.

இன்று இவர் கேட்டார்: "செப்டம்பரில அக்காவின்ர மகள் ரொறன்ரோவுக்குப் படிக்க வாறாள். கவினின்ர அறையைக் குடுப்பமே? மிதிக்கத்தானே எண்டு நீர்தானே சொன்னனீர்."

"அது தெரு. இது என்ர பிள்ளையின்ர அறை!" என்று கத்திவிட்டேன். இவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

மகன் இறந்த பிறகு இவர் அந்த அறைக்குள் போனதேயில்லை. நான்தான் அங்குள்ள தரைக் கம்பளத்தை வக்யூம் பண்ணுவேன். என் கால்கூடப் பதியாமல், வக்யூம் பண்ணியபடியே பின்பக்கமாக நடந்து வெளியே வருவேன். இன்று காலையும் பண்ணினேன்.

சற்றுமுன் போய் லைற்றைப் போட்டேன். கம்பளத்தில், வாசலிலிருந்து கட்டில்வரை இவருடைய காலடித் தடங்கள். கட்டில் விரிப்பில், நெடுநேரம் இருந்து எழும்பிய பள்ளம்.

நாளைக்கு நான் வக்யூமை எடுக்கமாட்டேன்.