சூரியன் வடக்கே திரும்பிய நாள்

காக்ஸ் டவுன், பெங்களூரு
17 டிசம்பர் 2024

அன்புள்ள இளவேனிலுக்கு,

அக்கா எழுதுவது. சாப்பிடுகிறாயா, இல்லை அந்தத் தாலியன் குளிரில் நூடுல்ஸையே கிண்டிக்கொண்டிருக்கிறாயா? உன் சீனாவில் வாட்ஸப் திறக்காது. போனில் பேசலாமென்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் இந்த மெயில்.

அப்பாவுக்கு மூச்சு நாளுக்கு நாள் மோசமாகிறது. ஆக்சிஜன் மெஷின் ஓய்வில்லாமல் ஓடுகிறது. கரென்ட் போனால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. எதிர்வீட்டு நோயல் அண்ணன் ஓடிவந்து சிலிண்டரை மாட்டிக் கொடுக்கிறார், புண்ணியவான்.

சாவுக்கு அப்பா பயப்படவில்லையடி. மார்கழியில் போய்விடுவோமோ என்றுதான் நடுங்குகிறார். "தை பொறக்கட்டும், உத்தராயணம் வந்துட்டா நானே கெளம்பிடறேன். அதுக்கு முன்ன என்னை விட்டுடாதம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தில் தாத்தா செத்தது ஒரு மார்கழியில். தட்சிணாயனத்தில் போனவனுக்கு மேலே வாசல் திறக்காது, இருட்டிலேயே கிடப்பான் என்று எழவு வீட்டில் எவனோ சொல்லியிருக்கிறான். அப்பா அப்போது சின்னப் பையன். அந்தப் பயம் இன்னும் அவரை விடவில்லை.

எப்போது வருகிறாய்? எனக்கும் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

உன் அக்கா,
தனலக்ஷ்மி

*

தாலியன்
21 டிசம்பர்

என் அருமை அக்கா,

இன்று இங்கே டோங்ஜி. சூரியன் போகும் வழியை வைத்து இவர்கள் வருஷத்தை இருபத்துநான்காகப் பிரித்திருக்கிறார்கள். அதில் இது பெரிய நாள், வருஷத்திலேயே நீளமான இரவு. காது குளிரில் உறையாமலிருக்க, காது மாதிரி மடித்த கொழுக்கட்டை தின்ன வேண்டுமாம். ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து என் வாயில் திணிக்காத குறைதான்.

அப்போது பக்கத்து சீட்டுப் பெண் சொன்னாள்: "இன்னிக்கு சூரியன் வடக்கே திரும்பிடுச்சு, இனிமே பகல் வளரும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உத்தராயணம் என்றால் அதுதானே அக்கா? பஞ்சாங்கத்தில் தை ஒன்றுதான். ஆனால் வானத்தில் இன்றைக்கே திரும்பிவிட்டது.

அப்பாவிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதே. தை, தை என்கிற பிடிவாதத்தில்தான் அவர் உயிர் நிற்கிறது. ஜனவரி பத்தாம் தேதிக்கு முன்னால் லீவு கிடையாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அதுவரை அவர் இருக்கட்டும். நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

உன் தங்கை,
இளா

*

காக்ஸ் டவுன்
29 டிசம்பர்

அன்புள்ள இளா,

அப்பாவின் கால் வீங்கிவிட்டது. கஞ்சி இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த இருட்டு வருகிறதாம், அதனால் தூங்க மறுக்கிறார். கண் சொருகும்போதெல்லாம் உதறிக்கொண்டு எழுந்து, "தை வந்துச்சா?" என்று கேட்கிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்.

சூரியன் திரும்பிவிட்டது என்று நீ எழுதினாயே. சொல்லிவிடட்டுமா?

தனம்

*

தாலியன்
30 டிசம்பர்

அக்கா,

சொல்லாதே. உன் காலில் விழுகிறேன். சொன்னால் போய்விடுவார், எனக்குத் தெரியும். நீ தினமும் அவர் முகத்தைப் பார்க்கிறாய். நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இளா

*

காக்ஸ் டவுன்
5 ஜனவரி 2025

இளா கண்ணு,

நேற்றுப் போனில் "அப்பா போயிட்டாருடி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மீதியை நீ விமானம் ஏறுமுன் படித்துவிடு. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று மத்தியானம் அவருக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். கண் இரண்டும் பிதுங்கி, என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "தை பொறந்துச்சா, தை பொறந்துச்சா" என்றார். நானும் பொய்தான் முதலில் சொன்னேன். "பொறந்துடுச்சுப்பா."

"கரும்பு எங்கம்மா?" என்றார்.

எதிரே நோயல் அண்ணன் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்குகிறது, தை வரவில்லை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அப்பா அழுது நீ பார்த்திருக்கிறாயா? எனக்குப் பொறுக்கவில்லை.

சொல்லிவிட்டேன். "தை வரலப்பா. ஆனா சூரியன் போன மாசமே திரும்பிடுச்சு. இளா எழுதியிருக்கா."

"சின்னவளா எழுதினா?"

"ஆமாப்பா."

"அப்ப வாசல் தொறந்துதான் இருக்கு" என்றார். கை தளர்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு பயமில்லாமல் கண்ணை மூடினார். நான் காபி கலந்து எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

இன்னும் ஒரு வாரம் அவரை அந்தப் பயத்திலேயே வைத்திருந்தால் நீ பார்த்திருப்பாயோ என்னவோ. என்னால் முடியவில்லை, இளா. உன்னைக் கேட்காமல் செய்தேன். உன் பெயரைச் சொல்லிச் செய்தேன்.

நீ வரும்வரை எடுக்க மாட்டோம், ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஏர்போர்ட்டுக்கு நோயல் அண்ணனை அனுப்பட்டுமா, நானே வரட்டுமா? என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாயோ என்று பயமாக இருக்கிறது. அதை மட்டுமாவது எழுது.

தனம்