சிவப்புப் பக்கம் நின்றவனுக்கு

நேற்றுக் குளிர்கால டயர் மாற்றுவதற்காகக் காரைக் கொண்டுபோயிருந்தேன். ரெனானில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கராஜில் இந்த மாதம் முழுவதும் கூட்டம்தான். காத்திருக்கும் அறையில் ஒரு கோப்பி இயந்திரமும் சுவரில் ஒரு தொலைக்காட்சியும் உண்டு. புது ரப்பரின் மணம் அறையை நிறைத்திருந்தது. தொலைக்காட்சியில் பழைய கார் ஓட்டம் ஒன்றைக் காட்டினார்கள். ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிவந்து தங்கள் கார்களில் பாய்ந்து ஏறுகிறார்கள். பிறகு ஒரு சிவப்புக் காரும் ஒரு வெள்ளைக் காரும் விடாமல் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகின்றன. பக்கத்தில் இருந்த பெண் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உன்னிடம் "பாத்தியோ?" என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. நீ போன பிறகு இது இரண்டாவது குளிர்காலம்.

இந்த ஓட்டத்தை நமக்கு அறிமுகப்படுத்தியது, சுவிஸுக்கு வந்த புதிதில் நாம் வேலை செய்த டாவோஸ் ஹோட்டலின் சமையலறை. நீ மட்டக்களப்பிலிருந்து வந்தவன், நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். இரண்டு பேரும் ஒரே தொட்டியில் சட்டி கழுவினோம். தலைமைச் சமையற்காரர் இத்தாலிக்காரர், கேக் செய்பவர் ஜெர்மன்காரர். வருடம் முழுவதும் ஒற்றுமையாக இருக்கும் அந்த இருவரும் ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதிக்கு மட்டும் பகைவர்களாகிவிடுவார்கள். பிரான்சில் இருபத்து நான்கு மணி நேரம் நிற்காமல் நடக்கும் ஓட்டம். இத்தாலிக் கம்பனியின் கார் சிவப்பு, ஜெர்மன் கம்பனியின் கார் வெள்ளை. இரண்டும் முதலிடத்துக்காக மோதிக்கொண்ட காலத்துக் கதைகளைச் சமையற்காரர் அகப்பையை ஸ்டியரிங் போலப் பிடித்துக்கொண்டு சொல்லுவார். நமக்குப் பாதிதான் விளங்கும். நீ அவர் பக்கம் போனாய். நீ சிவப்பென்றால் நான் வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்? அப்படித்தான் நான் வெள்ளைக்குப் போனேன். அதற்கு முன் இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒரு கார் ஓட்டம் கூடப் பார்த்ததில்லை.

பிறகு இங்கே தங்குவதற்கான பெர்மிட் வந்தது, கல்யாணம் வந்தது. நீ ஷாஃப்ஹவுசனுக்குப் போனாய், நான் ரெனானுக்கு வந்தேன். ஜூன் மாதத்துத் தொலைபேசி மட்டும் நிற்கவில்லை. "உன்ட வெள்ளையன் இந்தமுறை பெட்டியில போவான், பாரு," என்று தொடங்குவாய். அரை மணி நேரம் சண்டை பிடித்துவிட்டு, கடைசியில்தான் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பாய்.

ஊரில் இயக்கம் வடக்கு கிழக்கென்று பிரிந்த வருடம் இங்கே நம் ஆட்களும் பிரிந்தார்கள். ஒரே மண்டபத்தில் பொங்கல் வைத்தவர்கள் வெவ்வேறு மண்டபம் தேடினார்கள். என்னிடம் ஒருவர் நேரடியாகவே கேட்டார், "இன்னும் அவனோடை என்ன கதை?" என்று. "கார்க் கதை," என்றேன். அது பொய்யில்லை. அந்த வசந்த காலம் முழுவதும் நாம் தொலைபேசியில் கார்களைத் தவிர எதையும் தொடவில்லை. ஒருவர் வாயிலிருந்து தவறி எதுவும் வந்துவிடக் கூடாதென்று இரண்டு பேருமே கவனமாக இருந்தோம். அந்தக் கவனத்தின் நடுவில்தான் நீ திடீரென்று சொன்னாய், "இந்தமுறை போய்ப் பாப்பம் மச்சான். டிவியில பாத்தது காணும்."

நான் டிக்கெட் எடுத்தேன். சனிக்கிழமை விடியவே பயணம் என்பதால் நீ வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வந்து இறங்கினாய். தாடி மழிக்கவில்லை, கையில் சின்னப் பை ஒன்று. என் மனைவி வைத்த சாப்பாட்டை அளைந்துவிட்டுப் படுத்துக்கொண்டாய். அடுத்த நாள் எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் போய் வெகுநேரம் ஆகியும் நீ வாய் திறக்கவில்லை. ஊர்ப் பிரிவினை கடைசியில் நம் காருக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிட்டதென்றே நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. வானொலியைப் போட்டேன்.

ஓட்டம் தொடங்கியபோது அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. அந்தக் காலத்தில் முதலிடத்துக்கு ஓடியவை வேறு கம்பனிகள். நம்முடைய சிவப்பும் வெள்ளையும், தெருவில் ஓடும் கார்களைப் போன்றவை ஓடும் பிரிவில் மோதிக்கொண்டிருந்தன. நமக்கு அதுவே போதும். நீ கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றாய். நான் கடலைப் பொட்டலம் நீட்டினால் வேண்டாமென்று தலையாட்டினாய். சிவப்பு முந்தும்போது கூட என்னை இடித்துக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குக் கிட்ட, நீ பார்த்துக்கொண்டிருந்த சிவப்புக் கார் வளைவில் வழுக்கிச் சரளைக் கற்களுக்குள் போய்ப் புதைந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாகப் போனது. ஓட்டுநர் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றான். அப்போது நீ அழத் தொடங்கினாய். வெறும் கண் கலங்கல் அல்ல, உடம்பு குலுங்கும் அழுகை. நான் சிரித்துவிட்டேன்.

"என்னடாப்பா, ஒரு காருக்கோ?"

நீ திரும்பிப் பார்க்கவில்லை. மறுபக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட வயதான இத்தாலிக்காரர் ஒருவர் நின்றார். அவருடைய கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. அவர் உன் தோளைச் சுற்றிக் கை போட்டு, தன் மொழியில் ஏதோ ஆறுதல் சொன்னார். அந்தக் கைக்குள் நின்றபடியே நீ எனக்குச் சொன்னாய்.

"தம்பியச் சுட்டுப்போட்டாங்க மச்சான்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை காலையில போன் வந்தது."

அடுத்து நான் கேட்கப் போன கேள்வி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆர் எண்டு கேக்காத. அதக் கேக்கிறதுக்கு வீட்டில ஆக்கள் நிறைஞ்சு இரிக்காங்க. அந்தப் பக்கம், இந்தப் பக்கம் எண்டு கதைக்காங்க. ஒருத்தரும் அவன்ட பேரச் சொல்லல்ல." முகத்தைத் துடைத்தாய். "இங்க என்னய ஆருக்கும் தெரியா. அழுதாலும் தோத்ததுக்கு அழுறான் எண்டுதான் நினைப்பானுகள்."

இத்தாலிக்காரர் தன் போத்தலில் இருந்த தண்ணீரை உனக்குக் கொடுத்தார். நீ குடித்தாய். அதன் பிறகு உன் தம்பியின் பெயரைச் சொன்னாய். சின்ன வயதில் அவன் ஆற்றில் தோணியைக் கவிழ்த்துவிட்டு உன்மேல் பழி போட்டதைச் சொன்னாய். கார்கள் போகும்போது நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாய். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். திரும்பிப் போவோமா என்று கேட்டதற்கு, "முடியட்டும்," என்றாய்.

நம் பிரிவில் வெள்ளைதான் வென்றது. நீ கை நீட்டினாய். "உன்ட கார் வெண்டுட்டு," என்றாய். வேறென்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். திரும்பி வரும் வழி முழுவதும் நீ நித்திரை கொண்டாய்.

அதன் பிறகு அதைப் பற்றி நாம் பேசவில்லை. ஜூனில் நீ எடுப்பாய், சண்டை பிடிப்போம், பிள்ளைகளை விசாரிப்போம். அப்படியே வருடங்கள் போயின. போர் முடிந்தது. மண்டபங்களில் சில மறுபடி ஒன்றாயின, சில ஆகவில்லை. பிறகு ஒரு ஜனவரியில் உன் மகள் அழைத்து, வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸுக்குள்ளேயே உனக்கு இதயம் நின்றுவிட்டதென்று சொன்னாள்.

தகனத்துக்கு ஷாஃப்ஹவுசன் வந்தேன். எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்போது உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். அவள் என்னோடு எப்போதும் அளந்துதான் பேசுவாள் என்பது உனக்குத் தெரியும். காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அண்ணன், ஒண்டு கேக்கணும். இவர்ட தம்பி செத்த அண்டைக்கு, வீடு நிறையச் சனம். இவர் பையத் தூக்கிட்டுக் கார் ரேஸ் பாக்கப் போனவர். நீங்களும் கூடப் போனீங்கதானே?"

"ஓம்."

"மாமி ஊரில இருந்து போன் எடுத்து, மூத்தவன் எங்க எண்டு கத்தினா. நான் என்னத்தச் சொல்ற? இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல. அண்டையில இருந்து எனக்கு மனசு விட்டுப்போச்சு. கேக்கவும் இல்ல, இவர் சொல்லவும் இல்ல."

நான் அந்த வேலியோரத்தைச் சொன்னேன். சரளைக்குள் புதைந்த காரையும் இத்தாலிக்காரரையும் தோணிக் கதையையும் சொன்னேன். முடிந்ததும், "தோணிக் கதையச் சொன்னவரா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "இவர் சொல்றதக் கேளு," என்றாள். வாகனத் தரிப்பிடத்தில் பனிக்குள் நின்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது என் குரல் சரியாக வரவில்லை. அதை உனக்கு மறைப்பதில் இப்போது பயனில்லை.

அந்த ஜூனில் ஓட்டம் நடந்த சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. உன் வீட்டு இலக்கம். உன் மனைவிதான்.

"அண்ணன், டிவியப் போட்டு வச்சிருக்கன். எத்தினையோ கார் ஓடுது. இவர்ட கார் எது?"

உன் சிவப்பு இப்போது பெரிய பிரிவிலேயே ஓடுகிறது என்று சொன்னேன். எது எதுவென்று விளக்கினேன். இடையில் ஓட்டுநர்கள் ஏன் மாறுகிறார்கள், மழை வந்தால் டயரை ஏன் மாற்றுகிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். ஒரு சிவப்பு பின்தங்கியபோது, "ஐயோ, இவன் ஏன் இப்படி ஓடுறான்?" என்று கோபப்பட்டாள். வெள்ளை முன்னே போனது. வழக்கம்போல் ஏளனம் செய்ய வாய் எடுத்தேன்.

"பொறுங்கோ, இன்னும் நேரம் கிடக்கு," என்றுதான் வந்தது. "சிவப்பு பிடிச்சுடும்."